மூன்றாவது துப்புரவு

விதைநெல் சாக்கில் அச்சடித்திருக்கிறது
மூன்றரை மாதமென்று.
எனக்கு அப்படி யாரும் அச்சடித்துத் தரவில்லை.

ஜுனைதீன் தலாக் சொன்னது ஐப்பசியில்,
சம்மாந்துறை வயலெல்லாம்
உழுத சேறாய்க் கிடந்தபோது.
வீடு என் வாப்பா சீதனமாய்க் கட்டித் தந்தது.
ஆகவே வெளியேறியது அவர்தான்:
ஒரு சொப்பிங் பையில் இரண்டு சாரன்,
வெட்டு மெசினின் திறப்பு,
சவரக் கண்ணாடி.
நிந்தவூரில் தங்கச்சி வீட்டு விறாந்தையில்
படுக்கை என்று கேள்வி.

நான் இத்தாவில் இருந்தேன்.
கடப்படிக்குப் போகவில்லை.
மீன்காரனுக்குத் தட்டை நீட்டியது மகள் ஸப்ரா.
காதியார் தீர்த்த செலவுக்காசு
மாதம் பிறந்தால் ஒரு கவரில் வரும்,
மேலே அவர் கையெழுத்தில் என் முழுப்பேர்.
இருபத்திரண்டு வருடத்தில்
அவர் என் பேரை எழுதிப் பார்த்தது
அப்போதுதான்.

ஆத்திரத்தில் சொன்னதாம்.
கார்த்திகையிலேயே ஆள் அனுப்பினார்.
வேலை நெருக்குதாம், அறுவடை முடிய வருவாராம்.
வந்தால் ஒரு வசனம் போதும் அவருக்கு,
'மீட்டுக்கொண்டேன்' என்று.
என் சம்மதம் கேட்கத் தேவையில்லை.
கதவு என்னுடையது,
அதைத் திறக்கிற சொல் அவருடையது.
மூன்றாவது துப்புரவு முடியும் வரைக்கும்.

முதலாவது உதிரம் மழையோடு வந்தது.
இரண்டாவது, மார்கழி வெள்ளம் வடிந்த கிழமை.
அடுத்தது வரவில்லை.

தை முழுக்க வரவில்லை.
"இன்னும் இல்லையாகா?" என்பாள் சுலைஹா மச்சி,
கல்முனை பஸ் போய்விட்டதா என்று
விசாரிக்கிற குரலில்.
வெட்கத்தை விழுங்கி மௌலவிக்குப் போன் எடுத்தேன்.
நின்றுபோனதென்றால் பொறுக்க வேணும், என்றார்,
வரும் வரைக்கும். வராவிட்டால்
ஆசை அறுகிற வயசு வரைக்கும்.
அது எத்தனை?
கிதாபு புரளும் சத்தம்.
அறுபத்திரண்டு.

எனக்கு நாற்பத்தைந்து.
பதினேழு பெரும்போகம், பதினேழு சிறுபோகம்.
கலண்டரில் நான் பென்சிலால் போட்ட புள்ளிகளுக்குப் பிறகு
எவ்வளவு வெள்ளைத் தாள்.

மாசியில் மெசின்கள் இரவெல்லாம் வெட்டின.
அவருடையது இருமும், சைலன்சரில் ஓட்டை.
படுத்தபடியே சொல்வேன்
எந்தக் கண்டத்தில் நிற்கிறாரென்று.
ஒரு இரவு எழுந்து போய்
ஜன்னலடியில் நின்றேன். நெடுநேரம்.
அதையும் மறைக்கவில்லை.
கர்ப்பத்தில் படைத்ததை மறைக்காதே என்றவனிடம்
இதை மட்டும் ஏன் மறைப்பான்?

பிறகு ஒரு ஸுபஹு.
ஒரு துளிதான், ரூபாய்க் குத்தியில் பாதி.
லைட்டைப் போட்டு மறுகாலும் பார்த்தேன்.
விரித்த முஸல்லாவை மடித்து வைத்துவிட்டுக்
குசினிப் படியில் குந்தி இருந்தேன்.
அழுதேன் என்கிறாள் ஸப்ரா.
எனக்கு ஞாபகம்
தேயிலை ஊற்றி, சீனி போடாமல் குடித்தது.

அன்றைக்கே,
அஸருக்குப் பிறகு மோட்டார் சைக்கிள்.
தலைமயிரில் வைக்கோல் தூசு,
பின் சீட்டில் புதுநெல் ஒரு மூட்டை.
படியில் செருப்பைக் கழற்றித்
தொண்டையைச் செருமினார்.
வசனம் நாக்கில் ஏறி நின்றது
திரைக்கு இப்பால் எனக்கே தெரிந்தது.

"காலையோட முடிஞ்சிற்று," என்றேன்.

"ஆரு கண்ட?"

கடன் சீட்டுக்கு
என்னோடு இன்னொருத்தி சேர வேணும்.
கலியாணக் கொப்பியில்
என் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை,
வாப்பா போட்டார்.
இதற்கு மட்டும் என் ஒற்றைச் சொல் போதும்.
அவர் நம்பாவிட்டாலும் போதும்.
காதியார் நெற்றியைச் சுருக்கினாலும் போதும்.
"நான் கண்ட," என்றேன்.

கிணற்றடிக் காகம் இரண்டு தரம் கத்தியது.
மூட்டையை இறக்கவா, கொண்டு போகவா என்றார்.
ஸப்ராவுக்கென்றால் இறக்குங்க.
இறக்கினார்.
கழற்றிய செருப்பை
ஒரு காலாய், மறு காலாய்
அவர் திரும்ப மாட்டுகிற சத்தம்.