இரண்டெழுத்து

திங்கட்கிழமை மாலை வந்தது அந்த பேட்ச்.
அனுப்பியவர் லியூபிஷா, நோவி சாட்.
இருநூற்று நாற்பத்தொன்பது நாடுகள்,
ஆளுக்கு இரண்டெழுத்து, பேசலாகும் அலைவரிசைகள்.
"கர்னலுக்குள்ளேயே வைத்துவிடலாம்.
ஒவ்வொரு டிரைவரும் தனித்தனியாகச் சுமந்தது போதும்."

பிர்னோவில் பனி.
ஜன்னலுக்குக் கீழே டிராம்
திரும்புமிடத்தில் கிறீச்சிட்டுப் போகிறது.
தேநீரை மறந்து பட்டியலைப் படிக்கிறேன்,
யார் பெயர் விட்டுப்போயிற்று என்று தேடும் கண்ணோடு.

சி எஸ் இல்லை.
இருக்காது, தெரியும்.
நான் பிறந்தது சி எஸ்ஸில்.
பதினொரு வயதில், ஒரு புத்தாண்டு இரவில்,
கட்டிலைவிட்டு இறங்காமலே வேறு நாட்டுக்குக் குடிபோனேன்.
பிராட்டிஸ்லாவாவில் இருந்த அத்தை
விடிந்தபோது வெளிநாட்டுக்காரி.
பத்து வருடம் கழித்து
அந்த இரண்டெழுத்தை எடுத்து
இன்னொரு நாட்டுக்கு மாட்டினார்கள்.
லியூபிஷாவின் நாட்டுக்கு.
மூன்றே வருடம், அதுவும் கிழிந்தது.

இதையெல்லாம் அவருக்கு எழுதவில்லை.
எழுதியது:
"முப்பத்தேழாம் வரியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது."

அப்புறம் இதுவும்:
கர்னல் நினைவகத்தைப் பங்கிடும்,
முறை வைத்து நேரம் தரும்,
தட்டிய எழுத்து யாருக்கென்று பார்த்து அனுப்பும்.
சுங்கச்சாவடி அதற்குத் தெரியாது. கொடி தெரியாது.
தெரியாதிருப்பதே அதன் அழகு.
பட்டியல் வெளியே, ஒரு கோப்பில் இருக்கட்டும்.
நாடு பிறந்தால் கோப்பை மாற்றினால் போதும்;
உலகத்து இயந்திரங்களையெல்லாம்
தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டாம்.

இருபது வருடமாக நான் சொல்லிவரும் பாடம்.
எனக்கே கேட்க நன்றாயிருந்தது.

வியாழனன்று ஜோம்போர் என்பவர் எழுதினார்,
கோமார்னோவில் சரக்குப் படகு மெக்கானிக்.
"எங்கள் படகில் வட்டு கிடையாது.
கர்னல் எழுந்ததும் ரேடியோ வழியாகத்தான்
மிச்சத்தைக் கரையிலிருந்து இறக்கும்.
கோப்பு வர ரேடியோ திறக்கவேண்டும்.
ரேடியோ திறக்க நாடு தெரியவேண்டும்.
நாடு கோப்பில்.
வடகரை ஒரு தேசம், தென்கரை ஒரு தேசம்.
தன்யூப் நடுவில் நாங்கள், அம்மணி,
செவிடும் ஊமையுமாக."

ஏட்டுச் சுரைக்காய்.

இரண்டு இரவு பதில் எழுதாமல்
சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன்.
எல்லா நாட்டு வேலிகளையும் ஒரே நிலத்தில் நட்டால்
நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சும்?
கொஞ்சம்தான். ஒரு ஆள் நிற்கலாம்.

நாடு தெரியாத ரேடியோவும் கேட்கலாம்.
முதலில் பேசக்கூடாது.
கரை கூப்பிட்டால்
கூப்பிட்ட அலையிலேயே
தணிந்த குரலில் பதில் சொல்லலாம்.

ஆக, பட்டியல் வெளியே.
உள்ளே ஒரே ஒரு வரிசை;
எழுத்துகூட இல்லை, இரண்டு சுழியங்கள்.
எந்த நாடும் இல்லாதவருக்கு.

"இருநூற்று நாற்பத்தொன்பது அனுப்பினேன்,
ஒன்றும் இல்லாததை வைத்துக்கொண்டீர்களா?"
என்றார் லியூபிஷா.
கோபமா சிரிப்பா, எழுத்தில் தெரியவில்லை.
ஆனால் மறுநாளே திருத்தி அனுப்பினார்,
காற்புள்ளி உட்பட.

ஜோம்போரின் பதிவு நள்ளிரவில் வந்தது:
கேட்கிறது, கேட்கிறது, கேட்கிறது,
இணைந்தது.
எந்தக் கரையோடு என்று அவர் சொல்லவில்லை.

இணைக்கும் முன்
சோதனைக் கோப்பில் நானாக ஒரு வரி சேர்த்தேன்.
சி எஸ் என்று கொடுத்தால்
'அப்படி ஒரு நாடு இல்லை' என்று திரும்பவேண்டும்.

ஓட்டினேன்.
பச்சை.
தேறிவிட்டது.