நான்கு நிமிடம், பதினோரு நொடி

கிளாக்ஸ்விக் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்.
பக்கத்து அறையில் வாஃபிள் சுடுகிறார்கள்.
கூடைப்பந்து வளையத்தின் கீழ் மூன்றாம் மேசை.
நான் நடுவர். பேசக் கூடாதவன்.

சுன்வோர் வெள்ளை.
கடலடிச் சுரங்கத்தில் பேருந்து ஓட்டுபவள்.
இடக்கோடியிலிருந்து இரண்டாவது சிப்பாயை
ஒரே ஒரு கட்டம் நகர்த்தினாள்,
மேசையில் சிந்திய சர்க்கரையை
விரலால் ஒதுக்குவதுபோல.

டோரோட்டுர் உதட்டைச் சுழித்தார்.
சால்மன் கூண்டுகளின் வலை தைக்கத்
தண்ணீருக்குள் இறங்குகிற ஆள்;
எதையும் நேரே போய்ப் பிடித்துத்தான் பழக்கம்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறாளே என்று
நடுக்கட்டங்களில் இரண்டு சிப்பாய்களை ஊன்றினார்.
அவள் தடுக்கவில்லை.
சிப்பாய் விட்டுப்போன இடத்தில் மந்திரியை வைத்தாள்.
அங்கிருந்து மூலைவாட்டில் பார்த்தால்
தூரத்தில் கறுப்பு ராஜாவின் வாசல்.
குறுக்கே அவருடைய சிப்பாய், சாத்திய கதவு.

இருபத்திரண்டு நகர்த்தல்வரை மந்திரி அசையவில்லை.
இதற்கிடையே குதிரைகள் நான்கும் போயின,
மூடுபனி ஜன்னல்வரை வந்து மலையைத் தின்றது,
ஐந்தாம் மேசைச் சிறுவன் தோற்று அழுது
வாஃபிள் கிடைத்ததும் நிறுத்தினான்.

இருபத்து மூன்றாவதில் டோரோட்டுர்
அந்தச் சிப்பாயையே முன்னால் தள்ளினார்.
தள்ளிய மகிழ்ச்சியில்
கடிகாரத்தை அழுத்த மறந்தார்.

சட்டப்படி நான் வாய் திறக்கக் கூடாது.
அவர் நேரம் அவருக்கே தெரியாமல் கரைகிறது.
சுன்வோர் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
நான் கூரையைப் பார்த்தேன்.
அப்புறம் பலகைக்குத் திரும்பி
ஊரார் வீட்டு நெய்யில் பலகாரம் சுடுகிறவள்போல
நிதானமாக யோசித்தாள்.

நான்கு நிமிடம், பதினோரு நொடி.

பிறகு ஒரு விரல் நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினாள்.
அவர் நெற்றியில் தட்டிக்கொண்டு அழுத்தினார்.
நன்றி என்று உதடு அசைந்தது.
அது அசைந்து முடிவதற்குள்
மந்திரி குறுக்கே பாய்ந்து
ராஜாவின் வாசலில் விழுந்து செத்தது.

பின்னாலேயே ராணி.
செக். ராஜா மூலைக்கு.
செக். ராஜா திரும்பி.
செக்.
மறுபடி மூலைக்கு.

அரைக்கு அரை.
தாளில் கையெழுத்திடும்போது அவர் கேட்டார்,
"எப்போது பார்த்தாய்?"
எதை என்று அவள் கேட்கவில்லை.
"வாஃபிள் தீர்ந்துவிடும்" என்று எழுந்தாள்.

இரவு, நாற்காலிகளை அடுக்கிய பிறகு
அந்த நிலையை ஒருமுறை வைத்துப் பார்த்தேன்.
மந்திரியை வெட்டுக்கொடுக்காமல்
யானையை ஒரு கட்டம் பக்கவாட்டில் தள்ளியிருந்தால்
ஜெயித்திருப்பாள்.
எனக்கே இரண்டு நிமிடத்தில் தெரிந்தது,
நான் சுமாரான ஆட்டக்காரன்.

கடிகாரம் பக்கத்திலேயே இருந்தது, ஓடாமல்.
பழக்கதோஷம்,
அதை ஒருமுறை அழுத்திவிட்டு
விளக்கை அணைத்தேன்.