எட்டரைப் பாகை

நிலாவெளி என்று பெயர்.
நிலா இல்லாத இரவு பார்த்துத்தான்
நானும் இஃபாமும் வருகிறோம்.
வருசப் பிறப்புக்கு இன்னும் இரண்டு நாள்.
எவனோ அவசரக்காரன்
இப்பவே வெடி கொளுத்துகிறான்.

ஒஸ்லோவிலிருந்து குகதாசன் அனுப்பிய தாங்கி இது.
அங்கே துருவ நட்சத்திரம் உச்சந்தலைக்குக் கிட்டவாம்.
அறுபதில் துருப்பிடித்திருந்த உயரத் திருகாணியை
எண்ணெய் விட்டு, தட்டி, கெஞ்சி
பன்னிரண்டுக்கு இறக்கினோம்.
அதற்குக் கீழே வரமாட்டேன் என்றது.
திருகோணமலைக்கு வேண்டியது எட்டரை.
தெற்குக் காலுக்கு அடியில் அரைச் செங்கல்.

குச்சவெளிப் பக்கத்து உப்பு மூட்டத்தில்
துருவன்,
ஒரு தென்னோலை விலகினால் உண்டு
சேர்ந்தால் இல்லை.
ஓலைக்கும் ஓலைக்கும் இடையில்
அச்சை நேர்ப்படுத்தி முடிய
பத்தரை.

பெரிய குழாயின் முதுகில் சின்னக் குழாய்,
அதன் வாலில் சின்னக் கமெரா.
வழி பிடிக்க ஒரு நட்சத்திரத்தை
லப்டொப் தானே தெரிந்தெடுத்தது.
பெயரில்லை. அட்டவணையில் ஓர் எண்.

மேற்கே பன்னிரண்டு அடி: போனது.
கிழக்கே பன்னிரண்டு: திரும்பி வந்தது.
வடக்கே
நின்ற இடத்திலேயே நின்றது.
'நட்சத்திரம் போதிய அளவு நகரவில்லை'
என்று திரையில் எழுத்து.

வயரை ஏசினேன்.
மென்பொருளை ஏசினேன்.
நோர்வேயை ஏசினேன்.
கிண்ணியா ஐஸ் தொழிற்சாலையில்
மோட்டர்களோடு பேசிப் பழகியவன் இஃபாம்;
ஒற்றை விரலால் குழாயைத் தொட்டான்.
ஊஞ்சல் மாதிரி ஆடியது.
"இந்தப் பிடியை இறுக்காம விட்டது ஆரு?"

நான்தான்.

பகல் முழுக்க எக்ஸ்ரே அறையில்
'மூச்சைப் பிடியுங்கோ, அசையாதீங்கோ'
என்று சொல்லிக்கொண்டிருக்கும் நான்.

பிறகு கோடுகள் ஓடத் தொடங்கின, சிவப்பும் நீலமும்,
வாள்பல் போல.
பிழை முழுவதையும் ஒரே தள்ளில் திருத்தச் சொல்லியிருந்தேன்;
அது ஒவ்வொரு தடவையும்
பிழையைத் தாண்டிப்போய்
அங்காலே இன்னொரு பிழையில் நின்றது.
அறுபது வீதமாகக் குறைத்தேன்.
"இன்னும் குறை" என்றான்.
ஐம்பத்தைந்து.
பாகைக்கு அறுபது கலை,
கலைக்கு அறுபது விகலை.
ஒரு விகலைக்குள் வந்து
கோடு படுத்துக்கொண்டது.

ஒமேகா சென்டாரி
நகரத்து வெளிச்சத்துக்கு மேலே ஏறி நின்றது.
ஐந்து நிமிடத்துக்கொரு படம்.
பேச்சு இல்லை, நடை இல்லை.
பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடி வெடி.
கோடு துள்ளியது,
நான் பல்லைக் கடித்தேன்,
அதற்குள் அது
தன்பாட்டில் திரும்பி வந்துவிட்டது.
இஃபாம் கதிரையிலேயே தூங்கிப்போயிருந்தான்.

படத்தில் எண்ண முடியாத நட்சத்திரங்கள்,
கொட்டிய சீனி போல.
இரவு முழுக்கக் கண்வெட்டாமல் நாங்கள் பார்த்த
அந்த ஒன்றைத் தேடினேன்.
சட்டத்துக்கு வெளியே, விளிம்பிலிருந்து
ஒரு மயிரளவில்.

காலை ஏழரைக்கு
மார்புப் படம் எடுக்க வந்த முதல் ஆள்
மூச்சைப் பிடிக்க மறந்து இருமிவிட்டார்.
பயந்துபோய் என்னைப் பார்த்தார்.
"ஒண்டுமில்லை ஐயா,
இன்னொருக்கா எடுப்பம்."