என்கிற

படிவம் கேட்கிறது: குடும்பப் பெயர்.
என்னிடம் இருப்பது ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்.
இ.
அந்தப் புள்ளிக்குப் பின்னால்
சத்துவாச்சாரி மெக்கானிக் ஷெட்டில்
லாரிக்கு அடியில் படுத்திருக்கிறார் அப்பா இஞ்ஞாசி.
அவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்து
என் பெயருக்கு வாலாகக் கட்டிவிட்டது பாஸ்போர்ட் ஆபீஸ்.
இனி கனடாவில் என்னை
மிஸ் இஞ்ஞாசி என்பார்கள்.
ஐம்பத்தெட்டு வயது, மீசை, சுகர்.

ஷெர்ப்ரூக் ஆஸ்பத்திரியிலிருந்து
பேட்டி எடுத்த ஜொஸ்லின்
பேட்டி முடிந்தும் வைக்கவில்லை.
அவளுக்குப் பன்னிரண்டு தலைமுறை தெரியும்,
கப்பல் பெயர், இறங்கிய துறை, வாங்கிய முதல் பசு வரை.
முதல் ஆள் சிப்பாய்.
பட்டாளம் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் கவலைகெட்டவன்.
கோவில் ஏட்டில் முதலில் சொந்தப் பெயர்,
நடுவே 'தி' என்றொரு குட்டிச் சொல்,
(பெண்ணென்றால் 'தித்')
அப்புறம் கவலைகெட்டவன்.
பேரன் காலத்தில் சொந்தப் பெயர் உதிர்ந்துபோக
கவலைகெட்டவன் மட்டும் நிலம் வாங்கினான், கடன் பட்டான்,
இதோ என் முன்னால் கண்ணாடியைத் துடைக்கிறான்.
"அந்த நாளில் எங்கள் ஊரில்
பெண்ணெல்லாம் மரி, ஆணெல்லாம் ஜோசப்.
வீட்டில் கூப்பிடும் பெயர் கடைசியில் வரும்.
உன் ஏட்டைப் பார்த்தாயா?"

பிஷப் ஹவுஸில் கரண்ட் இல்லை.
மே மாதம். வேலூர்.
கணக்கர் தைரியநாதன் ஜன்னலைத் திறந்து
"விரலை எச்சில் பண்ணாதே" என்றதோடு சரி.
பின்னாலேயே போனேன்.
இஞ்ஞாசிக்கு அப்பா சவரிமுத்து,
அவனுக்கு அப்பா இஞ்ஞாசி,
அவனுக்கு அப்பா சவரிமுத்து.
இரண்டே பெயரை மாற்றி மாற்றி உடுத்தியிருக்கிறோம்,
ஒருவன் துவைத்துப் போட்டதை
அவன் பெயரன் எடுத்து.

அந்தக் கடைசி சவரிமுத்துவுக்கு அம்மா:
மரி.

தாது வருஷப் பஞ்சம் ஓயாத ஆண்டு.
ஆரணிப் பக்கம் வெண்ணந்தாங்கல்.
ஒரே நாளில் அறுபத்துமூன்று பேர்.
கஞ்சித்தொட்டிக்கு நின்ற வரிசையும்
ஞானஸ்நானத்துக்கு நின்ற வரிசையும்
ஒன்றா இரண்டா, ஏடு சொல்லவில்லை.
பிரெஞ்சுச் சாமியார் எழுத்து முதல் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறது.
மூன்றாம் பக்கத்தில் அதுவும் பசித்ததுபோல் சாய்கிறது.
மரி. மரி. சூசை. மரி. சூசை.
நாற்பத்தேழாம் வரி:

மரி தித் குப்பச்சி.

பக்கத்தில் வயது, பதினொன்று என்று ஊகம்.
பெற்றோர்: அஞ்ஞானிகள்.
அதற்கு மேலே தாள் வெள்ளை.

எனக்கு முன் இரண்டு செத்திருக்கவேண்டும்.
எனக்கு என்றா எழுதினேன்? அவளுக்கு.
மூன்றாவதைக் குப்பைமேட்டில் கிடத்தி
யாரோ போட்டதுபோல் எடுத்து வந்து
சாவு முகம் சுளிக்கட்டும் என்று வைத்த பெயர் அது.
சுளித்திருக்கிறது.
ஊரே உதிர்ந்த வருஷத்தில்
குப்பையில் என்ன இருக்கிறது என்று தாண்டிப் போயிருக்கிறது.

கைபேசியில் தேடினேன்: தித் என்றால் 'சொல்லப்பட்டவள்'.
கெஜட்டில் நாம் போடுவோமே, என்கிற,
அதுதான்.
குப்பச்சி என்கிறார்கள். யார் என்கிறார்கள்?
சாமியார் எழுதியது மரி.
அதைச் சொன்ன வாய்க்கு
ஏட்டில் ஒரே சொல்தான் கொடுத்திருக்கிறார்,
அதுவும் பன்மையில், அவள் புருஷனோடு சேர்த்து.

நகலுக்கு ஐம்பது ரூபாய்.
ஆற்காடு ரோட்டில் ஜெராக்ஸ் கடை,
லேமினேட் செய்யக் கொடுத்தேன்.
பையன் கவரில் எழுதிவைக்கப் பேனாவைத் தட்டினான்.
"இன்னா பேருக்கா?"

குப்பச்சி, என்றேன்.
வாய் தானாக.

எழுதினான். குப்புச்சி என்று, தப்பாக.
பேனாவைத் தூக்கவில்லை.
முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தான்.

"இனிஷியலு?"