நிலுவை

செய்தி இன்று காலை பத்தே முக்காலுக்கு வந்தது.
வரும்போதே அதற்குப் பன்னிரண்டு வயது.

எண்ணூர் சாம்பல் மேட்டின்மேல் எங்கள் அலுவலகம்:
பதினொரு சூரியப் பேரவை,
மக்கள் பதிவேட்டுத் துறை, வடசென்னைக் கிளை.
ஏசி முதலில் வந்தது.
கழிப்பறை ஆறு ஆண்டு கழித்து.

பேரவை இந்த ஊருக்குத் தண்ணீராகத்தான் வந்ததாம்.
புழல் ஏரி வெடித்துக் கிடந்த ஒரு கோடையில்
வால்மீன் ஒன்றை உடைத்துக்
கட்டி கட்டியாய்க் கடலோரம் இறக்கினார்கள்.
காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை குடங்கள்.
குடித்தவர்கள் சொன்னார்கள்:
லேசாய்த் துரு வாடை, ஆனால் உப்பில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற ஊர்
உப்பில்லாமல் இட்டவரை
இருநூறு ஆண்டு நினைத்தது.

மூன்று சூரியன், ஐந்து, பதினொன்று.
வியாசர்பாடி ஐடிஐ பையன்கள்
நாலாம் சூரியனுக்கு வெல்டர்களாய்ப் போனார்கள்.
பேசின் பிரிட்ஜ் பிரியாணிக் கடைக்காரர்
'அண்டமெங்கும் கிளைகள்' என்று பலகை வைத்தார்.
கடை அது ஒன்றுதான்.
நான் தேர்வெழுதி மூன்றாம் நிலை எழுத்தர் ஆனேன்.
என் கையெழுத்து பதினொரு சூரியனிலும் செல்லும் என்று
மாமியார் தண்ணி லாரி வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தார்.
ஆமாம், லாரி மறுபடி வர ஆரம்பித்திருந்தது.

போர் எதையும் நாங்கள் பார்க்கவில்லை.
தாளில் பார்த்தோம்.
முத்திரையில் பதினொரு புள்ளி ஒன்பதாக வேண்டும் என்றது ஓர் ஆணை.
ரப்பரை பிளேடால் சுரண்டச் சொன்னார் தணிகாசலம் சார்.
பிறகு ஏழு.
பிறகொரு நாள் ஒரே எண்ணில் இரண்டு சுற்றறிக்கை:
ஒன்று வரியை உயர்த்தச் சொன்னது,
மற்றது வரி கட்டுகிறவனைக் கைது செய்யச் சொன்னது.
இரண்டையும் கோப்பில் வைத்தோம்,
தேதி வாரியாக.

இன்று வந்தது மூன்றே வரி.
பேரவை கலைந்தது.
கருவூலம் எரிந்தது.
பெறுபவர் தம் விருப்பப்படி நடந்துகொள்க.

தலைநகரிலிருந்து ஒளி வந்து சேரப் பன்னிரண்டு ஆண்டு.
தணிகாசலம் சார் விரல்விட்டு எண்ணினார்.
இல்லாத அரசுக்கு வரி அனுப்பியிருக்கிறோம்.
இல்லாத அரசின் பேரால் மூவரை உள்ளே வைத்திருக்கிறோம்.
அதற்குப் பயந்து
கேன்டீனில்கூடக் குரலைத் தாழ்த்தியிருக்கிறோம்,
நாற்காலியில் மாட்டிய சட்டைக்கு
வணக்கம் வைத்ததைப் போல.
எங்களைவிட எட்டு ஒளியாண்டு தள்ளி
யாரோ ஓர் எழுத்தர்
இன்னும் எட்டு ஆண்டு பயப்படுவார்.

தாட்சாயணி ஜன்னலுக்கு வந்தாள்,
மஞ்சள் பையில் மனுவோடு.
மகன் புகழேந்தி, வெல்டர்.
ஒன்பது ஆண்டுக்குமுன் கப்பலேறியவன்
பாதி வழியில் இன்னும் உறங்குகிறான்.
அவன் ஏறிய நாளில்
அவனை வேலைக்கெடுத்த அரசு போய் மூன்று ஆண்டு.
பேரவையின் எழுத்துருவில் ழ கிடையாது.
பதிவேட்டில் அவன் புகலேந்தி.
பெயர் பொருந்தவில்லை,
தாய்க்கு வரவேண்டிய பாதிச் சம்பளம்
இன்றுவரை நிலுவை.

"கவர்மென்ட்டே பூட்ச்சாமே மேடம்?"
"ஆமாம்மா."
"அப்ப துட்டு வராது."
"வராது."
நின்றுபோன ஏசியைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.
"செரி, எம்புள்ள பேர மட்டும் திருத்திக் குட்த்துரு.
புகளேந்தி."

அவள் நாக்கிலும் ழ இல்லை.

நான்கு சூரியன்களைச் சுரண்டிய அதே பிளேடு
இழுப்பறையில் கிடந்தது.
கொம்பை விட்டுவிட்டு
ல-வை மட்டும் சுரண்டினேன்.
தாள் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது.
அதன்மேல் ழ எழுதினேன். பழக்கமில்லாத கை,
வால் நீண்டு கீழ்வரிசைக்காரரின் பெயரில் போய் இடித்தது.
பக்கத்தில் என் சுருக்கொப்பம்.
'யார் உத்தரவு' என்ற கட்டத்தில்
பேனாவைக் கொஞ்சநேரம் வைத்திருந்து
எடுத்துவிட்டேன்.

டோக்கன் நாற்பத்திரண்டு,
என்று கூப்பிட்டார் தணிகாசலம் சார்.