நாலு எல்லை

ஜனவரியில் தொடங்கினால் டிசம்பரில் முடியும் என்று
உடுவில் கோயிலில் தந்த வாசிப்பு அட்டவணை
எனக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை.
ஆவணியிலும் யோபோடு சாம்பலில் இருப்பேன்.

பகலில் கச்சேரியடியில்
ஒரு நொத்தாரிசிடம் உறுதி ரைப் அடிக்கிறேன்,
இருபத்திரண்டு வருசம்.
எதை வாசித்தாலும்
பேர் சரியா, திகதி சரியா, சாட்சி இரண்டா என்று
கண் தானாகப் போகும்.
வேதத்தையும் அப்படித்தான் வாசிக்கிறேன்,
கர்த்தர் பொறுத்துக்கொள்ளட்டும்.

நீதிமொழிகளோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.
உழைக்கிறவன் வீட்டில் குறைவிராதாம்.
நாலரைக்கு எழும்பி
வெங்காயத்துக்குத் தண்ணி மாறிய என் மனுசன்
கடனோடுதான் போனார்.

பிரசங்கி பரவாயில்லை.
மினக்கெட்டு ஆறுதல் சொல்லமாட்டார்.
ஐந்தரை மினிபஸ்ஸில்
சீற் கிடையாமல் தொங்கிவரும்போது
அவரும் பக்கத்தில் தொங்குவது மாதிரி இருக்கும்.

யோபின் கடைசிப் பக்கத்தில்தான் இடறுகிறேன்.
ஆடு இரட்டிப்பு, ஒட்டகம் இரட்டிப்பு,
பிள்ளைகள் திரும்பவும் பத்து.
பிறகு பிறந்த மூன்று பெட்டையளுக்கும் பேர் இருக்கிறது,
ஆண்பிள்ளைகளோடு முதுசமும் இருக்கிறது,
நல்லது.
வீடு விழுந்து செத்த பத்துப் பேரில்
ஒருவருக்கும் பேர் இல்லை.
பேரில்லாத பத்திரத்தை நாங்கள் பதியமாட்டோம்.
ஓரத்தில் பென்சிலால் பத்துக் கோடு போட்டிருக்கிறேன்.

போன செவ்வாய் கனகமலர் வந்தா,
வறுத்தலைவிளான்.
மகள் நிறோஜினிக்கு நன்கொடை உறுதி எழுதவேணும்.
காணி இன்னும் கம்பிவேலிக்குள்.
முப்பது வருசமாய்ச் சொந்தக்காரர் மிதிக்கவில்லை,
மிதிக்கிறவர்களிடம் உறுதி இல்லை.
பால்மா ரின்னுக்குள்ளிருந்து
பழைய உறுதியை எடுத்து மேசையில் வைத்தா.
ரின் சாவகச்சேரிக்குப் போய்
வன்னிக்குப் போய்
முகாமுக்கும் போய் வந்ததாம்.
மூடி மட்டும் வேறை.

வரைவு அடித்தேன்:
நாலு பரப்பு ஒன்பது குழி.
இதற்கெல்லை கிழக்கு ஒழுங்கை,
வடக்கு செல்லத்துரை மகள் பூரணம்,
மேற்கு வைரமுத்து பிள்ளைகள், தெற்கு கோயில் காணி.
பூரணம் ரொறன்ரோவில் செத்துப் பதினொரு வருசம்.
எல்லையில் இன்னும் நிற்கிறா.
"கிணறு கிடக்குதோ?" என்று நொத்தாரிசு கேட்டார்.
"உறுதியிலை கிடக்குது ஐயா."

அன்றிரவு எரேமியாவில் நின்றேன்.
நகரத்தைச் சுற்றி மண்மேடு ஏறிக்கொண்டிருக்கிறது.
முப்பது அதிகாரமாய் அழிவு அழிவு என்று கத்தின மனுசன்,
அதுவும் காவலில் இருந்துகொண்டு,
சித்தப்பா மகனிடம் நிலம் வாங்குகிறார்.
பதினேழு சேக்கல் வெள்ளி, தராசில் நிறுத்து.
சாட்சிகள். முத்திரை.
மூடின பத்திரம் ஒன்று, திறந்தது ஒன்று,
இரண்டும் மண்பாண்டத்துக்குள்.
எல்லாம் ஒழுங்கு.
நாலு எல்லையைத்தான் காணவில்லை.
பாரூக்கு, தம்பி, நீ என்ன எழுத்தன் என்று
சத்தமாகவே கேட்டுவிட்டேன்.
பிறகு யோசித்தேன்,
வடக்கில் யார், தெற்கில் யார் என்று சொல்ல
அவனுக்கு அன்று ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள்.

வாங்கினவர் அந்த நிலத்தில்
பிறகு கால் வைத்தாரா என்று தேடினேன்.
எகிப்துவரை பக்கம் புரட்டினேன்.
எழுதவில்லை.

புதன் காலை கையெழுத்து.
சாட்சிக்கு ஃபொட்டோக்கொப்பிக் கடை றெஜினோல்டும்
ஓட்டோ குகதாசனும்.
நொத்தாரிசு வாசிக்க, கனகமலர் கை உயர்த்தி மறித்தா.
"வேம்பு விட்டுப்போச்சு."
"வான்பயிர் செய்பயிர் எண்டால் எல்லாம் அடங்கும், அம்மா."
"அடங்காது. தனிய எழுதுங்கோ."
அவர் என்னைப் பார்த்தார்.
நான் தாளை மாற்றி
முதலிலிருந்து அடித்தேன்,
நாலு எல்லையும், பூரணமும், கிணற்றுப் பங்கும்,
வழி வாய்க்காலும்,
கிணற்றடி வேம்பு ஒன்றும்.