வெளிநாட்டில் ஆறு கிழமை

நோர்வேயின் வடக்கிலிருந்து
பத்துப் பேர் விமானம் ஏறி வந்தார்கள்.
பதினோராவது ஆள் திருக்கடலூரிலிருந்து
சைக்கிளில் வந்தாள்.
அது நான்.

'கோடைகால வெளிநாட்டுக் கற்கை' என்று
நெஞ்சில் அச்சிட்ட நீல ரீசேட்டு,
எல்லாருக்கும் ஒரே அளவு.
எனக்கு முழங்கால் வரை.

முதல் நாள் பேராசிரியர் பெயர் வாசித்தார்.
"தங்கவடிவேல்?"
அப்பா அந்நேரம் மா ஆலை வாசலில்
லொறி இலக்கம் எழுதிக்கொண்டிருந்திருப்பார்.
அவருக்காக நான் கையை உயர்த்தினேன்.
ஆறு கிழமையும் அவருக்காகவே உயர்த்தினேன்.

கச்சான் காற்று.
பன்னிரண்டு மணிக்கு இறங்குதுறைத் தகரத்தைத் தொட்டால்
தோல் அதிலேயே நின்றுவிடும்.
இங்வில்ட் வெள்ளைக் களிம்பு பூசி
ஆவி மாதிரி நின்றாள்.
அந்த ஆவிதான் என்னைவிட நேராக ஆணி அடித்தது.

துறைமுகத்தில் ஒரு குழாய் நட்டோம்.
நாலு அங்குலப் பீவீசி, உள்ளே அழுத்த உணரி,
பத்து நொடிக்கு ஓர் எண்.
என்ன உயரம் என்று
கடலிடமே கேட்கிற கருவி.

"ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் இவ்வளவுதானா?"
யோஸ்தைன் இரண்டு சாண் விரித்துக் காட்டினான்.
அவன் ஊரில் ஆளுயரத்துக்கு மேல் ஏறி இறங்குமாம்.
எங்கள் கடலின் சார்பில்
எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.
"ஆனால் ஆழம் அதிகம்" என்றேன்,
பெண் பார்க்க வந்தவர்களிடம்
வேறொரு குணத்தை எடுத்துச் சொல்வது போல.

மூன்றாம் கிழமை வரைபடத்தில் கொம்பு முளைத்தது.
பின்னேரம் நாலேகால் தொடங்கி ஐந்து வரை
கோடு பைத்தியம் பிடித்துத் துள்ளியது.
ஞாயிறு மட்டும் இல்லை.

பேராசிரியர் பலகை நிறைய எழுதினார்:
குடாவின் ஒத்ததிர்வு,
கப்பல் தள்ளிய அலை,
ஆழத்தில் பிறந்து மேலே தெரியாத அலை.
யோஸ்தைன் இரவெல்லாம் விழித்துக்
கணினியில் ஒரு துறைமுகம் கட்டினான்.
ஓடும் பஸ்ஸில் பிடித்த தேத்தண்ணிக் கோப்பையாய்
அது ஆடியது.
உண்மையைச் சொன்னால், அழகாக இருந்தது.

மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை.
நாலு மணிக்குக் கணித ரியூஷன் விடும்.
பெடியள் சேட்டைக் கழற்றிக் குழாயில் மாட்டிவிட்டுக்
கரணம் அடித்து விழுவார்கள்.
அதில் ஒருவன் என் தம்பி லதுர்ஷன்.

ஏன் சொல்லவில்லை?
கேட்காத இடத்தில் பதில் சொல்லப் பயமா,
இவனுடைய ஒரு குதிப்புக்கு
இத்தனை சமன்பாடா என்ற பெருமையா?
இன்னும் பிடிபடவில்லை.

நாலாம் நாள் சொன்னேன்.
எல்லாரும் துறைக்கு ஓடினோம்.
பேராசிரியர் சிரித்துச் சிரித்துக்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இங்வில்ட் செருப்போடு குதித்தாள்.
அன்றைய கொம்பு பதினாறு சென்ரிமீற்றர்.

அறிக்கையில் அதற்கு ஓர் ஆங்கிலச் சொல் போட்டார்கள்.
சுருக்கத்தை மட்டும் தமிழில் தரச் சொன்னார்கள் என்னிடம்.
'உள்ளூர்க் குழப்பம்' என்று எழுதினேன்.
அழித்தேன்.

எங்கள் வீட்டில் குழப்பம் என்றால்
அம்மா முதலில் கதவைப் பார்ப்பா.
அந்தச் சொல்லுக்கு ஆண்டுகள் இருக்கின்றன.
கரைக்கு வராத ஒரு வள்ளமும்.

பிறகு எழுதினேன்:
'பெடியள் குதித்தது.'
மொழிபெயர்ப்புப் பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை.
அதை வாசிக்கத் தெரிந்தவள் அங்கே நான் மட்டும்.

கடைசி நாள் சான்றிதழ் தந்தார்கள்.
'தங்கவடிவேல்
வெளிநாட்டில் ஆறு கிழமை தங்கிப் பயின்றார்.'

அப்பா அதை லமினேற் பண்ணி
மா ஆலைக் காவலறையில் கொழுவியிருக்கிறார்.
"எந்த நாடு அண்ணை?" என்று
லொறிக்காரர் கேட்டால்
நிமிராமல் இலக்கத்தை எழுதி முடித்து
துறைமுகப் பக்கம் பேனையைக் காட்டுகிறார்.